இடையன்குடியை ஊராக்கிய கால்டுவெல் ஐயர்

வீடு கட்டுதல் ஒரு குடும்பத்தின் காரியம். ஊர் கட்டுதலோ எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம். இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி மயங்குவதனாலேயே நம் கிராமங்களிற் பல, நல்ல வீடுகள் நிறைந்திருந்தும் நல்ல ஊர்களாகாமல் நிற்கின்றன. சர்க்கார் பணத்தில் காரைவீடு எழும்புகிறது. வீட்டு வாசலில் சாக்கடை தேங்குகிறது. பஞ்சாயத்துக் கிணறு தோண்டப்படுகிறது. இரண்டு வருஷத்தில் அது குப்பைக்குழியாகிறது. தெரு போடப்படுகிறது, ஒவ்வொரு திண்ணையும் ஒரு முழம் முன்னேறி, வண்டி போன தெருவில் ஆள் போவதும் அரிதாகிறது. பணமில்லாத குறை ஓரளவு இருக்கலாம். ஆனால் பணம் வந்த இடத்திலும் இக்குறை தீராதிருப்பதைக் காண்கிறோமாதலால், வேறு ஏதோ ஒன்று நம்மிடம் இல்லையென்பது வெளிப்படை.

கன்னியாகுமரி ஜில்லாவில் பேச்சிப்பாறையைச் சுற்றியுள்ள குடியிருப்புக்களைப் பார்ப்பவர்க்கு இவ்வெண்ணம் வலுப்படும். கோதையாற்றின் குறுக்கே 1906-இல் கட்டிமுடிக்கப்பட்ட அணை, நாஞ்சில்நாட்டு வயல்களுக்குச் சோறிடுகிறது. அதனைக் கட்டிய இஞ்சினீயர் மிஞ்சின் துரை 1913-இல் இறந்து, அணையருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அணையின் நீர் எத்தனையோ ஊர்களுக்குப் போகிறது. அணைக்கரையிலும் மலைச்சரிவிலும் வாழும் காணிக்காரருக்கும் ரப்பர் தோட்டத் தொழிலாளருக்கும், செம்மையான வழியும் ஒழுகாத கூரையும் இன்றும் பெரும் பேறாகவே இருக்கின்றன. நீர்ப்பரப்பைத் தோணியிற் கடந்து வீடு சேரவேண்டிய மலைக்குடியிருப்புக்களும் அங்கே உண்டு.

அதே பேச்சிப்பாறை நீரிற் சிறு பங்கு, ராதாபுரம் கால்வாய் வழியாகத் திருநெல்வேலிச் சீமையின் வறண்ட தென்கோடிக்கும் போகிறது. அக்கோடியில், தேரிமணலின் ஓரத்தில், இடையன்குடி என்ற ஊர் இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ சேகரத்தின் தலைமையூராகிய அவ்வூர், திட்டமிட்டு அமைக்கப்பட்ட கிராமமென்று பெயர்பெற்றது. அதனை அமைத்தவர் ராபர்ட் கால்டுவெல் ஐயர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவராகவே தமிழுலகம் அவரை அறியும். சென்னைக் கடற்கரையில், 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அவருக்குச் சிலை வைத்ததும் அந்நூல் காரணமாகவே. ஆனால் அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தின்றது புத்தகமன்று, ஒரு கிராமம். அந்தக் கிராமத்தின் வழியாக அவர் சரிதையைக் கூறுவதே நமது நோக்கம்.

பிறப்பும் பயிற்சியும்

கால்டுவெல் 1814-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி அயர்லாந்தில் கிளாடி என்னுமிடத்தில், ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்திற் பிறந்தார். செல்வம் படைத்த குடும்பமன்று. சிறுவராயிருக்கையிலேயே பெற்றோருடன் கிளாஸ்கோ நகரத்திற்குச் சென்றார். முறையாகப் பள்ளியிற் பயின்றதைவிடத் தாமாக நூல்களைத் தேடிப் படித்ததே அதிகம். பதினைந்து பதினாறு வயதில் டப்ளின் நகரத்தில் தமையனோடு தங்கி, ஓவியக்கலை பயின்றார். சித்திரக்காரராவதே அன்று அவர் விருப்பம். பின்னர் மனம் சமயப்பணியிற் சென்றது. லண்டன் மிஷன் சங்கத்தார் அவரை ஏற்றுக் கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் படிக்கவைத்தனர். அங்கே கிரேக்க மொழி கற்பித்த ஸாண்ட்போர்ட் என்னும் பேராசிரியரால், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயும் விருப்பம் அவருக்கு உண்டாயிற்று.

இவ்விரண்டு பயிற்சிகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பிட்டு ஆராயும் பயிற்சி அவருடைய பெரிய நூலைத் தந்தது. கோடு கிழித்து, அளவறிந்து, இடத்தையும் உருவத்தையும் கண்ணாற் கணக்கிடும் சித்திரப் பயிற்சி, பிற்காலத்தில் இடையன்குடியின் தெருவுக்கும் கோயிலுக்கும் பயன்பட்டது.

1837-இல் கப்பலேறி, 1838-ஆம் வருஷம் ஜனவரி 8-ஆம் தேதி சென்னைத் துறையில் இறங்கினார். அக்கப்பலிற் தெலுங்குப் புலமையிற் சிறந்த ஸி. பி. பிரவுன் துரையும் பிரயாணம் செய்தது அவருக்குப் பெரிய வாய்ப்பாயிற்று. சென்னையில் மூன்று வருஷத்துக்கு மேல் தங்கித் தமிழ் பயின்றார். திருக்குறளை ஆங்கிலத்திற் பெயர்த்த துறு ஐயரின் பழக்கமும் அங்கே கிடைத்தது. 1841-இல் லண்டன் மிஷனை விட்டு, எஸ். பி. ஜி. என்னும் ஆங்கிலத் திருச்சபைச் சங்கத்திற் சேர்ந்தார். அச்சங்கம் அவருக்குக் குறித்த இடமே இடையன்குடி.

தெற்கு நோக்கிய நடை

சென்னையிலிருந்து தெற்கே போகும் வெள்ளையர் பல்லக்கிலும் குதிரையிலும் போன காலம் அது. கால்டுவெல் நடந்தே புறப்பட்டார். சோழநாட்டுக் கும்பகோணத்தையும் தஞ்சையையும் கண்டு, திருச்சிராப்பள்ளி வழியாய் நீலகிரி ஏறி, உதகையிற் குருப்பட்டம் பெற்று, மதுரை கடந்து, அவ்வருஷ முடிவில் இடையன்குடி வந்து சேர்ந்தார். நடந்து வருகிற துரையைக் கண்ட கிராமத்தார் வியந்திருப்பர். மதிப்புக் குறைவாக எண்ணியவரும் இருந்திருப்பர். ஆனால் பல்லக்கிலிருந்து பார்ப்பவனுக்கு ஊர்கள் தெரியும். ஊரின் உள்வாழ்வு தெரியாது. எந்த ஊரிற் கிணறு எங்கே இருக்கிறது, எவன் அதில் மொள்ளலாம், எவன் மொள்ளலாகாது, மழைநீர் எப்பக்கம் வடிகிறது என்பனவெல்லாம் தரையிற் கால் பதிய நடப்பவனுக்கே விளங்கும். இன்று ஜீப்பில் வந்து, சாலையோரத்து வீடுகளைக் கணக்கெடுத்துத் திரும்பும் அதிகாரிகள் பலர், இவ்விஷயத்தில் அவ்விருபத்தேழு வயது வாலிபரிடம் பாடம் கேட்கலாம்.

அவர் கண்ட இடையன்குடி

திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்கு, தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளைப் போன்றதன்று. இரண்டு பருவமழைகளும் அதனை ஒதுக்கிச் செல்கின்றன. செம்மணல் மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்துகிடக்கும். ஆடி ஆனிக் காற்றில் அம்மணல் பறந்து, வேலியையும் வழியையும் மூடும். பனையும் உடைமரமுமே அம்மண்ணுக்கு உறவு. ஒரு பனையேறி, பருவகாலத்தில் நாளொன்றுக்குப் பல பத்து மரம் ஏறி இறங்கிப் பதநீர் இறக்குவான். அவன் மனைவி விடிலியில் அடுப்பின்முன் நின்று அதனைக் கருப்புக்கட்டியாகக் காய்ச்சுவாள். பருவம் ஓய்ந்த மாதங்களிற் கடனே உணவு.

அத்தகைய மக்கள், ஊரை நினைக்க நேரமின்றி, இடம் கண்டவிடத்திற் குடிசை போட்டுக்கொண்டிருந்தனர். மண்சுவரும் பனையோலைக் கூரையும் உடைய அக்குடிசைகள், வரிசையின்றி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல நெருங்கிக் கிடந்தன. பனையோலைக் கூரைகள் நெருங்கிக் கிடந்தால் ஒரு பொறி போதும். ஊர் முழுவதும் சாம்பலாகும். குறுகிய சந்துகளிற் காற்றும் வெளிச்சமும் புகா, கழிவு வெளியேறா, பேதிநோய் ஒரு வீட்டிற் புகுந்தால் அடுத்த வீட்டுக்கு அடியெடுத்து வைக்க வேண்டிய தூரமே இல்லை.

தெற்கத்திக் கிறிஸ்தவ ஊர்களுக்கு இது முதல் அனுபவமுமன்று. 1799-லேயே, துன்புறுத்தலுக்கு அஞ்சி ஓடிவந்த சிலருக்காக நிலம் வாங்கி, முதலூர் என்ற குடியிருப்பை அமைத்திருந்தனர். ரேனியுஸ் ஐயர் காலத்தில், 1830-ஐ ஒட்டி, இத்தகைய குடியிருப்புக்களுக்கு நிலம் வாங்கும்பொருட்டே தர்மசங்கம் ஒன்று ஏற்பட்டது. பிறர் நிலத்திற் குடியிருப்பவன், நிலக்காரன் முகம் சுளித்தால் அன்றிரவே பானைசட்டியைத் தூக்க வேண்டியவன். ஆகையால் காலூன்ற நிலம் வேண்டும், அதன்பின்னரே மற்றவை என்ற உண்மையை அவர்கள் அறிந்திருந்தனர்.

தெருவும் கிணறும் மரமும்

கால்டுவெல் அவ்வழியையே பின்பற்றினார். சுற்றியுள்ள நிலத்தை விலைக்கு வாங்கினார். அதில் நேரான தெருக்களைக் குறித்தார். குடிசைகள் தெருவை நோக்கி வரிசையாக அமையும்படி செய்தார். தெருவோரங்களில் மரங்கள் நட்டார். கிணறுகள் தோண்டுவித்தார். பள்ளிக்கூடமும் கோயிலும் நடுவே நிற்க, ஊர் அவற்றைச் சூழ்ந்து வளர்ந்தது. சொல்வதற்கு நான்கு வாக்கியங்களில் அடங்கும் இக்காரியம், செய்வதற்கு வருஷக்கணக்காயிற்று.

இதிற் கவனிக்கத்தக்கவை சில உண்டு. முதலாவது, அவர் தம்முடைய தாய்நாட்டு வீட்டை இங்கே கொண்டுவந்து நாட்ட முயலவில்லை. குடிகள் கட்டியது பழையபடி மண்ணும் பனங்கையும் ஓலையும் கொண்ட வீடுதான். அவ்வூர்க் கைகள் கட்டவும் பழுதுபார்க்கவும் வல்ல வீடு அது. மாறியது வீடன்று, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவேயுள்ள வெளி. அவ்வெளி பெருகவே, தீப்பயம் குறைந்தது, காற்றுப் புகுந்தது, நடை எளிதாயிற்று. செலவில்லாத இம்மாறுதலே பெரிய மாறுதல்.

இரண்டாவது, மணற்பிரதேசத்தில் மரம் அலங்காரமன்று. நிழலுக்கும், மணலைப் பிடித்து நிறுத்துவதற்கும், காற்றின் வேகத்தை உடைப்பதற்கும் மரமே காவல். ஆனால் தேரியிற் கன்றை நடுவது ஒருநாள் வேலை. அதனைக் கோடைக்குத் தப்புவிப்பது மூன்று வருஷ வேலை. குடிதண்ணீரே அரிய இடத்திற் குடத்தில் நீர் சுமந்து கன்றுக்கு ஊற்றியவர்கள், பெயர் எழுதிவைக்கப்படாத அவ்வூர்ப் பெண்களும் பிள்ளைகளுமே ஆவர். எந்தச் சரிதையிலும் கிராமத்தைக் கட்டியவர் ஒருவராயிருப்பதில்லை.

மூன்றாவது, அவர் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. தெருவை அளந்தவர் அத்தெருவிலேயே குடியிருந்தார். சுமார் நாற்பது வருஷம், தாம் செய்த பிழைகளையும் தாமே மிதித்து நடக்கவேண்டியவராயிருந்தார். திட்டம் வகுத்தவன் திட்டத்தினுள்ளே வாழ்வானாயின், சாக்கடை எப்பக்கம் வழியும் என்பதை மறக்கமாட்டான்.

எலிஸா அம்மையார்

இடையன்குடியின் கதையில் நாஞ்சில்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1844-இல் கால்டுவெல் நாகர்கோவிலில் எலிஸா மால்ட் அம்மையாரை மணந்தார். அவர் தந்தையார் சார்லஸ் மால்ட் ஐயர் 1819 முதல் நாகர்கோவிலிற் பணியாற்றியவர். எலிஸா தென் திருவிதாங்கூரிலேயே வளர்ந்தவராதலால், தமிழைப் புத்தகத்தில் அல்லாமல் வாயிற் கற்றவர். கணவர் இலக்கணத்தை ஆராய்ந்தார். ஊர்ப்பெண்களோடு உட்கார்ந்து பேசும் தமிழ் மனைவியாருக்கே இயல்பாயிருந்தது.

மால்ட் குடும்பத்தார் நாகர்கோவிலிற் பரப்பிய ரேந்தைப் பின்னலை அம்மையார் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பெண்களுக்குப் பள்ளியும் நடத்தினார். இது ஊரமைப்போடு சேராத விஷயம்போலத் தோன்றலாம். உண்மையில் அதன் உயிரே இதுதான். பனை ஓய்ந்த மாதங்களில் வீட்டுக்குள் வேறு வருவாய் வந்தாலன்றி, கூரைக்குப் புதிய ஓலை வாங்க எவ்வீட்டாராலும் இயலாது. ஓலைக்கூரை ஒன்றிரண்டு வருஷத்துக்கொருமுறை மாற்றப்படவேண்டியது. கூரை மாற்றக் கையிற் காசு இல்லாத குடும்பத்துக்கு, நேரான தெருவினால் என்ன பயன்? ஊரைப் பேணுதல் குடும்ப வருமானத்தைச் சார்ந்தது என்பதை அம்மையாரின் பின்னற்கூடம் விளக்கிற்று.

முப்பத்துமூன்று வருஷ வேலை

இடையன்குடிக் கோயிலுக்கு 1847-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது பிரதிஷ்டை செய்யப்பட்டது 1880-இல். நடுவே முப்பத்துமூன்று வருஷம்! பணம் வந்தபொழுது சுவர் எழும்பியது. பணம் நின்றபொழுது வேலையும் நின்றது. மேனாட்டு முறையிற் கூர்நுனி வளைவுகளையுடைய சாளரங்கள் அக்கோயிலுக்கு வேண்டியிருந்தன. அவ்வடிவத்தைக் கண்டிராத உள்ளூர்க் கொத்தருக்கு, களிமண்ணில் மாதிரி செய்து காட்டி, அதனைப் பார்த்து அவர்கள் செதுக்கும்படி செய்தார் கால்டுவெல். டப்ளினிற் பெற்ற பயிற்சி அங்கே பலித்தது. கொத்தரோ வெளியூரிலிருந்து தருவிக்கப்பட்டவரல்லர். வேலையினூடே வேலை கற்றவர். கட்டடம் முடிந்தபொழுது, அதனைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் ஊரிலே இருந்தன.

இந்தக் காலத்திலேயேதான் 1856-இல் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளிவந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரு தனிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816-லேயே எல்லிஸ் துரை கூறியிருந்தார். அதனை விரிவாக நிலைநாட்டி, சிறிய மொழிகளையும் சேர்த்து ஆராய்ந்தது கால்டுவெலின் நூல். 1875-இல் அதன் விரிந்த இரண்டாம் பதிப்பு வந்தது. கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்துப் பாண்டியர் துறைமுகத்தின் பழமையை எடுத்துக்காட்டினார். 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டார். தமிழ் வேதாகமத்தைத் திருத்திய குழுவிலும் அவர் உழைத்தார். இவையெல்லாம் அறிஞர் அறிந்தவையாதலால் இங்கே விரித்தல் வேண்டா. மணற்காற்றடிக்கும் ஒரு குக்கிராமத்திலிருந்துகொண்டே உலக அறிஞர் சபையில் இடம்பெறலாம் என்பதற்கு அவர் சான்றாக நின்றார் என்று கூறுதல் போதும்.

குறையும் கண்டனமும்

புகழுக்குரியவற்றைக் கூறி, குறையை மறைப்பது சரிதையாகாது. 1849-இல் கால்டுவெல், தம் சேகரத்தின் பெரும்பகுதியினராகிய பனைத்தொழில் மக்களைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். அம்மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் சமயத்தையும் தாழ்த்திப் பேசியதோடு, அவர்கள் இம்மண்ணின் பூர்வகுடிகளல்லர், இலங்கையிலிருந்து வந்தவர் என்றும் அதில் எழுதினார். இங்கிலாந்திலிருந்த ஆதரவாளரின் இரக்கத்தைப் பெறுவதற்கு அவ்வெழுத்துப் பயன்பட்டிருக்கலாம். ஆனால் யாருக்காக இரக்கம் தேடினாரோ அவர்களுடைய மானத்தை அது விலையாகக் கொடுத்தது.

அம்மக்கள் படித்துத் தலைநிமிர்ந்தபொழுது, அந்நூலைக் கண்டு கொதித்தனர். அவர்களைப் படிக்கவைத்ததும் மிஷன் பள்ளிகளே என்பது இங்கே கருதத்தக்கது. நாசரேத்துப் பக்கத்தைச் சேர்ந்த சட்டம்பிள்ளை என்பவர் வெள்ளைப் பாதிரிமாரின் ஆதிக்கத்தை எதிர்த்து, 1857-இல் சுதேசித் திருச்சபை ஒன்றைத் தனியே ஸ்தாபித்தார். கால்டுவெலின் எழுத்தையும் அவர் கண்டித்தார். கண்டனம் பல வருஷம் ஓயாது நடந்து, கடைசியில் அந்நூல் வழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

இச்சம்பவம் ஊரமைப்பு விஷயத்திலும் நமக்கு எச்சரிக்கையாகும். நிலத்தை வாங்கியவர் ஐயர். கோடு கிழித்தவர் ஐயர். ஒழுங்கு கூறியவரும் ஐயர். குடிகள் அதற்கு இசைந்தனர், நன்மையும் அடைந்தனர். ஆனால் பிறர் தரும் ஊரில், தருபவனுடைய பார்வையும் கூடவே குடிபுகுகிறது. தந்தவன் தன்னை உயர்ந்தவனாகவும், பெற்றவனைத் திருத்தப்படவேண்டியவனாகவும் எண்ணத் தொடங்குகிறான். அன்பு மிகுந்தவராயினும் கால்டுவெல் இப்பிணிக்குத் தப்பவில்லை. நேரான தெருவைப் பெற்ற மக்கள், அத்தெருவில் நிமிர்ந்து நடக்கும் உரிமையைத் தாமே போராடிப் பெறவேண்டியிருந்தது. வெள்ளைக்காரப் பாதிரியார் போய், நம்மவராகிய உத்தியோகஸ்தர் அவ்விடத்தில் உட்கார்ந்தால் மட்டும் இப்பிணி தீர்ந்துவிடாது. குடிசைவாசியைக் கேளாமல் அவனுக்கு வீடு வகுக்கும் எவர்க்கும், அவர் கதராடை உடுத்தவராயினும், இது உண்டு.

கடைசி நாட்கள்

தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிய 1877-இல், கால்டுவெல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். பஞ்சத்துக்குப் பின் சபையில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர், பொறுப்புப் பெருகியது. 1883-இல் இடையன்குடியை விட்டுத் தூத்துக்குடிக்கு இருப்பிடத்தை மாற்றிக்கொண்டார். அங்கே அவர் பெயரால் கல்லூரி ஒன்றும் நடைபெற்றது. முதுமையும் நோயும் மேலிடவே, 1891-ஆம் வருஷ ஆரம்பத்திற் பதவியை விட்டுவிலகிக் கொடைக்கானல் சென்றார். அவ்வருஷம் ஆகஸ்டு 28-ஆம் தேதி அங்கேயே உயிர் நீத்தார். உடலை மலையினின்று இறக்கி, நெடுந்தூரம் கொண்டுவந்து, முப்பத்துமூன்று வருஷம் கட்டிய அக்கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தனர். எட்டு வருஷம் கழித்து எலிஸா அம்மையாரும் அவருக்குத் துணையாக அங்கே சேர்ந்தார். அவர்கள் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2011-இல் நினைவில்லமாகத் திறந்தனர்.

நாம் செய்ய வேண்டுவது

கால்டுவெல் காலத்தில் நிலம் வாங்கச் சங்கம் வேண்டியிருந்தது; பணத்துக்கு இங்கிலாந்தை நோக்கவேண்டியிருந்தது. இன்று நிலைமை வேறு. 1994-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம், கிராமசபைக்குச் சட்டப்படி இடம் கொடுத்திருக்கிறது. 1997-இல் தோன்றிய சமத்துவபுரத் திட்டம், ஊருக்கு நூறு வீடு என்று வகுத்து, பல சாதியாரை ஒரே தெருவிற் குடியேற்ற முயன்றது. 2016 முதல் மத்திய சர்க்காரின் கிராம வீட்டுத் திட்டம் நடைபெறுகிறது. 2024-இல் தமிழ்நாட்டுச் சர்க்கார், குடிசைகளுக்குப் பதிலாக 2030-க்குள் எட்டு லக்ஷம் காரைவீடுகள் கட்டுவதென்றும், முதல் வருஷத்து வீடொன்றுக்கு மூன்றரை லக்ஷம் ரூபாய் என்றும் திட்டம் வகுத்தனர். மலைவாசிகளுக்கோ 2006-ஆம் வருஷத்து வனவுரிமைச் சட்டம், தலைமுறையாக வாழ்ந்த நிலத்திற் குடியிருக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு, அக்கோரிக்கையை முதலில் விசாரிக்கும் பொறுப்பைக் கிராமசபையினிடமே விட்டிருக்கிறது. ஆகவே சட்டமும் பணமும் முற்றிலும் இல்லையென்று சொல்வதற்கில்லை.

இல்லாதது, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவேயுள்ள வெளியைப்பற்றிய கவலை. திட்டங்கள் யாவும் வீட்டை எண்ணுகின்றன. இத்தனை சதுர அடி, இத்தனை தவணை, இத்தனை பயனாளிகள் என்று கணக்கு ஓடுகிறது. தெரு எங்கே, மழைநீர் எங்கே வடியும், குப்பை எங்கே சேரும், நிழல் எங்கே, இருபது வருஷத்துக்குப்பின் இப்பிள்ளைகளின் பிள்ளைகள் எங்கே வீடு கட்டுவர் என்ற கேள்விகளுக்குக் கணக்கில் இடமில்லை. இவற்றைக் கேட்கவேண்டியவர் ஊரார். கேட்கவேண்டிய இடம் கிராமசபை. வருஷத்தில் ஆறுமுறை கூடும் அச்சபையில், ஊரின் வரைபடம் ஒன்றைத் தரையில் விரித்துவைத்து, முதியோரும் பெண்களும் அதனைச் சுற்றி உட்கார்ந்து பேசும் வழக்கம் ஏற்படவேண்டும்.

பேச்சிப்பாறைக்கு இடையன்குடியின் திட்டம் அப்படியே பொருந்தாது. அங்கே மணலும் தாகமும் பகை. இங்கே மழையும் சரிவும் பகை. அங்கே தெரு நேராக இருத்தல் நலம். இங்கே மலைச்சரிவில் நேராக இறங்கும் வழி முதல் மழையிலேயே ஓடையாகிவிடும். வழி சரிவைச் சுற்றிவர வேண்டும். அதன் உட்பக்கம் நீர்ச்சால் வேண்டும். மேற்புறத்து மண்ணை வேர்பிடித்து நிறுத்தும் மரங்களை வெட்டாது வைக்கவேண்டும். வீட்டுக்கு உயர்ந்த தளமும், சாரல் சுவரில் அடியாதபடி நீண்ட இறவாணமும் வேண்டும். சமவெளியில் வகுத்த ஒரே மாதிரி வீட்டை மலைக்கும் அனுப்பினால், முதல் இடவப்பாதியே அதன் குறையைச் சொல்லிவிடும். காணிக்காரர் தலைமுறை தலைமுறையாக எந்த மேட்டில் வீடு போட்டனர், எந்தப் பள்ளத்தை ஒதுக்கினர் என்பதை அவர்களிடமே கேட்டறிவது, எந்த இஞ்சினீயருக்கும் இழுக்காகாது. பாதை நடந்து இடத்தைக் கண்ட கால்டுவெலின் முறை இவ்விடத்துக்கும் பொருந்தும். அவர் கிழித்த கோடு பொருந்தாது.

பேணுதல் என்பது அதைவிடப் பெரிய காரியம். கட்டுவதற்கு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, மாலை உண்டு. கூரையைச் செப்பனிடுவதற்கும் வாய்க்காலைத் தோண்டுவதற்கும் விழா இல்லை. நம் முன்னோர் குடிமராமத்து என்று ஒரு முறை வைத்திருந்தனர். ஏரியும் காலும் ஊராருடையவை. ஆகையால் வருஷந்தோறும் வீட்டுக்கோர் ஆள் வந்து மண்வெட்டி பிடிக்கவேண்டும் என்பது அம்முறை. அதனைத் தெருவுக்கும் கிணற்றுக்கும் மரத்துக்கும் விரித்துக்கொள்வதில் தடையென்ன? மாதத்துக்கு ஒருநாள், வீட்டுக்கு ஒருவர், மழைக்காலத்துக்கு முன் ஒரு வாரம் என்று ஊராரே விதித்துக்கொண்டால், சர்க்கார் செய்யும் வேலையும் நிலைக்கும். செய்யாத வேலையைக் கேட்கும் தைரியமும் பிறக்கும். தம் பங்கைச் செய்தவர் கேட்கும் கேள்விக்கு அதிகாரிகள் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதே வேளையில், ஊரார் உழைக்கிறார்கள் என்பதைச் சாக்காகக் கொண்டு, சாலையும் மருத்துவமும் குடிநீரும் தரும் கடமையிலிருந்து சர்க்கார் தப்பித்துக்கொள்ளவும் இடம் கொடுத்தலாகாது.

மிஞ்சின் துரை பேச்சிப்பாறையிலும், கால்டுவெல் ஐயர் இடையன்குடியிலும் தாம் உழைத்த மண்ணிலேயே உறங்குகின்றனர். இருவரும் கடல் கடந்து வந்த அந்நியர். அவர்கள் கட்டியவற்றை இன்று நம்முடையவை என்கிறோம், அது நியாயமே. சுமந்ததும் இழைத்ததும் நம் மக்களின் கைகளன்றோ? ஆனால் ஒரு பொருள் நம்முடையதாவது, அதனைப் பேணும் பொறுப்பை நாம் ஏற்கும்பொழுதேயாம். அடுத்த கிராமசபை கூடும் நாளில், ஒவ்வோர் ஊரும் தன் தெருவை ஒருமுறை முழுதும் நடந்து பார்த்துவிட்டுச் சபையில் உட்காருமாக.